தேயிலைத் தூரடியில் – 18: அரைப்பேர்

தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள்வரவுப் பதிவேட்டில் ஒரு சொல் உண்டு. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து, பனியில் நனைந்து மலையேறி, நாள் முழுவதும் கொழுந்து பறித்த ஒருவருக்கு மாலையில் தராசு ஓரிரு கிலோ குறைத்துக் காட்டினால், கணக்கப்பிள்ளை அவர் பெயருக்கு நேரே அரைப்பேர் போடுவார். முழு உடம்பும் மலையில் நின்றிருக்கும். ஏட்டில் பாதிதான் ஏறும். சம்பளக் கணக்கில் பிறந்த அந்தச் சொல், இந்த அத்தியாயம் பேசப்போகும் மனிதர்களின் வாழ்க்கை முழுவதற்குமே பொருந்திவிட்டது.

அவர்கள் மதுவில் அகப்பட்டு மீள வழி தேடியவர்கள். கூடவே ஆணை நேசித்த ஆண்கள், பெண்ணை நேசித்த பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள். இன்றைய தமிழ் அவர்களைப் பால்புதுமையினர் என்று அழைக்கிறது. மலையக வரலாற்று நூல்களில் ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணி வருகிறார், துண்டு வருகிறது, பறிபோன வாக்குரிமை வருகிறது, சாராயமும் வருகிறது. இவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தேடுகிறவருக்கு முதல் தடயம் கிடைப்பது சட்டப் புத்தகத்தில்.

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள்

1841. கண்டி மலைகளில் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் இலங்கையில் அடுத்தடுத்து இரண்டு கட்டளைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 4ஆம் இலக்கம் அலைந்து திரிவோர் பற்றியது. 5ஆம் இலக்கம் கூலி ஒப்பந்தம் பற்றியது. வேலையை விட்டுப் போன தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப 5ஆம் இலக்கம் வழி செய்தது. வேலையில்லாமல் தெருவில் நிற்பவரையும் பொது இடத்தில் ‘ஒழுக்கக் கேடாக’ நடப்பவரையும் பிடிக்க 4ஆம் இலக்கம் அதிகாரம் தந்தது. தோட்டத்துக்குள் நிற்பவருக்கு ஒரு விலங்கு, வெளியே போனவருக்கு இன்னொன்று.

5ஆம் இலக்கத்தின் வழிவந்த தண்டனைகளும், தொழிலாளியின் கடனை எழுதி அவரைக் கட்டிப்போட்ட துண்டு முறையும் சேர். பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் விடாத போராட்டத்தால் 1920களின் தொடக்கத்தில் ஒழிந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 4ஆம் இலக்கத்துக்கு அப்படியொரு முடிவு வரவில்லை. இலங்கைத் திருநங்கைகளும் பாலியல் தொழிலாளரும் அந்தப் பழைய சட்டத்தின் பெயரால் பொலிஸாரிடம் படும் பாட்டை ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் பதிவுசெய்தது.

இதற்கு மேல் 1883இல் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அதன் 365ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கியது. 365அ பிரிவு ஆண்களுக்கிடையிலான நெருக்கத்தை, அது பகிரங்கமாக நடந்தாலும் நான்கு சுவருக்குள் நடந்தாலும், தண்டனைக்குரியதாக்கியது. 1995இல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது ஆண் என்றிருந்த இடத்தில் பொதுவாக ஆள் என்று மாற்றினார்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் படாதிருந்த பெண்களும் அன்றிலிருந்து குற்றவாளிகள் ஆனார்கள்.

சாராயக் குத்தகை

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாராயம் விற்கும் தவறணை எப்படி மலையேறியது?

தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் சாராயம் கரையோரத்தின் பொருள். அதை மலைக்குக் கொண்டுவந்தது குத்தகை முறை. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். ஏலம் எடுத்தவர் ஊரூராகத் தவறணை வைப்பார். அரசாங்கத்துக்குக் குத்தகைப் பணம், குத்தகைக்காரருக்கு இலாபம். மொரட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் சொய்சா மலைநாட்டில் சாராயக் குத்தகை எடுத்துச் சேர்த்த செல்வத்தோடு, 1837இல் ஹங்குராங்கெத்தையில் பழைய கண்டி அரசரின் தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டார். இலங்கையரிடையே எழுந்த முதல் பெரும் தோட்டச் சொந்தக்காரர்களில் அவர் ஒருவர். இந்த நாட்டின் பணக்கார வர்க்கம் எழுந்ததில் சாராயக் குத்தகையின் பங்கு எவ்வளவு என்பதை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

குத்தகைக்காரருக்கு வேண்டியது கையில் காசு புழங்கும் கூட்டம். கோப்பித் தோட்டம் அதைக் கொடுத்தது. மன்னாரில் இறங்கி, வடக்குப் பாதையில் காடு கடந்து, வாந்திபேதிக்கும் பசிக்கும் தப்பி வந்த தொழிலாளி அடைந்தது குளிரும் ஈரமும் அட்டைக்கடியும். உடம்பு வலிக்கு மருந்து என்று அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது தவறணை. சம்பளமோ மாதக்கணக்கில் இழுபடும். வரும் நாளில் கங்காணியின் கடனுக்குப் போக மிஞ்சியதைத் தவறணை விழுங்கும். மறுபடி கடன். கடன் இருக்கும்வரை தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போக முடியாது. தவறணை அரசாங்கத்தின் கஜானாவையும் நிரப்பியது, தோட்டத்தின் ஆள்பலத்தையும் கட்டிப்போட்டது.

தவறணைக்குப் போகக் காசில்லாத நாளில் கசிப்பு. இரவில் ஓடைக்கரையில், சீனியும் ஈஸ்ட்டும் புளித்த தண்ணீரைக் காய்ச்சி இறக்கும் அந்தச் சரக்கு, கலால் சட்டம் எத்தனை கடுமையானாலும் தோட்டங்களை விட்டு முழுதாகப் போகவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் அது இருந்தது. 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்குப் போனபோதும் இருந்தது.

லயத்துக் காம்பரா

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பறிப்புக் காலத்துக்கு வந்து, முடிந்ததும் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று ஊர் திரும்பியவர்கள். பெண்கள் மிகச் சொற்பம். லயம் என்ற வரிசை வீடுகளில் ஆண்களும் ஆண்களும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து படுத்து, சேர்ந்தே காய்ச்சலில் கிடந்து மடிந்தார்கள். அந்த வாழ்க்கையில் யாருக்கு யார் மீது அன்பு இருந்தது என்பதை எந்தத் துரையின் நாட்குறிப்பும் எழுதிவைக்கவில்லை.

1869இல் கோப்பி இலையில் துருநோய் விழுந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் தேயிலை நட்டிருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலை வருடம் முழுவதும் கொழுந்து விடும் செடி. அதற்குப் பருவத்துக்கு வந்துபோகும் ஆண்கள் போதாது. நிலைத்திருக்கும் குடும்பங்கள் வேண்டும். பறிக்கப் பெண்கள், கவ்வாத்து வெட்ட ஆண்கள், நாளைய பெரட்டுக்குப் பிள்ளைகள். ஆட்களைக் கங்காணிகள் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள்.

தோட்டத்தின் கணக்கு இந்த இடத்தில்தான் மாறுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்புத் திண்ணை, ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம். கலியாணம் முடித்தால் தனிக் காம்பரா கேட்கலாம். முடிக்காதவர் அப்பன் வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ மூலையில் படுக்க வேண்டியவர். காம்பராவின் சுவர் கூரைவரை எட்டாத லயங்கள் இருந்தன. அடுத்த வீட்டு இருமல் இந்த வீட்டில் கேட்கும். ஒரு பையனின் நடை கொஞ்சம் மாறினாலும், ஒரு பெண் வந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருவராக வேண்டாம் என்றாலும் லயம் முழுவதும் அறியும். கேலிக்குச் சொற்கள் தமிழிலும் உண்டு, சிங்களத்திலும் உண்டு. அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை; கேட்டவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கேலிக்கும் குடிக்கும் உள்ள தொடர்பை உளவியல் பின்னால்தான் பெயரிட்டுச் சொன்னது. ஓயாத அவமானம், கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற நிரந்தரப் பயம், தன்னைத் தானே வெறுக்கப் பழகுவது இவையெல்லாம் சேர்ந்து உடலையும் மனதையும் அரிப்பதை அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் சிறுபான்மை அழுத்தம் என்ற கருத்தாக 2003இல் விரித்து எழுதினார். பல நாடுகளில் பால்புதுமையினரிடையே மதுப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுவதற்கு இதையே முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். தோட்டத்தில் அந்த அழுத்தத்தின் மேல் இன்னொன்றும் ஏறுகிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய சமூகம், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தலை எண்ணிப் பங்கு போட்ட சமூகம் மலையகச் சமூகம். ஊர் ஒதுக்கிய சமூகத்துக்குள்ளே வீடும் ஒதுக்கியவராக ஒருவர் நிற்க நேர்கிறது.

ரதி வேடம்

இத்தனைக்கும் நடுவே மாசி மாதம் வரும்.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நட்டால் தோட்டம் வேறொரு தோட்டமாகிவிடும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்து சாம்பலாக, ரதி அழுது புரண்டு அவன் உயிரை மீட்கும் கதை. தப்பு முழங்க, இரவு முழுவதும் லயம் லயமாக ஆடி வருவார்கள். மன்மதன் வேடமும் ஆணுக்கு, ரதி வேடமும் ஆணுக்கு. வேடம் கட்டுகிறவர் காப்புக் கட்டி விரதம் இருப்பார். அந்த நாட்களில் குடிக்கக் கூடாது. இஸ்தோப்பில் உட்காரவைத்து அவருக்கு அரிதாரம் பூசுவார்கள், சேலை கட்டுவார்கள், சவுரி முடித்துப் பூ வைப்பார்கள். கையில் கிளி. எதிரே வரும் கிழவிகள் ரதியம்மா என்று கும்பிடுவார்கள்.

ரதி ஆடியவர் எல்லோரும் பால்புதுமையினர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பரம்பரையாக, வேண்டுதலாக ஆடியவர்களே அதிகம். ஆனால் பெண்ணின் நளினம் ஓர் ஆண் உடம்பில் வந்து நின்றபோது ஊர் கும்பிட்ட இரவுகள் மலையகத்தில் இருந்தன. பின்பனிக் குளிரில் இரண்டு வாரம் ஒரு மனிதர் குடியைத் தொடாமல் இருக்க, ஊரே சேர்ந்து காவல் இருந்த வழக்கமும் இருந்தது. காப்பு அவிழ்த்த மறுநாள் தவறணைக் கதவும் கேலிக் கதவும் ஒன்றாகத் திறந்துகொள்ளும் என்பதும் உண்மை.

‘பெஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு வா’

குடிக்கு எதிரான குரல் இலங்கையில் பழையது. 1904இலும், புதிய கலால் சட்டம் வந்த 1912இலும் மதுவிலக்கு இயக்கம் கொதித்து எழுந்தது. டி.பி. ஜயதிலக்க, எப்.ஆர். சேனாநாயக்க போன்றோர் அதில் முன்னின்றார்கள். ஆனால் அதன் வேர் கரையோரச் சிங்களக் கிராமங்களில் இருந்தது. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்து மலையகத்துக்கும் ஏறியபோது, தோட்டத் தொழிலாளர் முன் நின்று குடியை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நாடு சுதந்திரம் அடைந்தபின் நிறுவனங்கள் வந்தன. 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய சுமித்ரயோ, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டர் அமைப்பு. அதன் கிளையாகக் கொழும்பில் உருவான மெல் மெதுர மது, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவியது. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ஏற்பட்டது. 1987இல் அடிக் எனப்படும் மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் வந்தது. 2006இல் வந்த சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பதைத் தடுத்தது. மலையகத்தில் மாதர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் தோட்டந்தோறும் கூட்டம் போட்டு, மாதச் சம்பளத்தில் எத்தனை ரூபாய் போத்தலுக்குப் போகிறது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்கெழுதவைத்தார்கள். கணவனின் குடியால் அடிவாங்கிய பெண்களுக்கு அந்தக் கூட்டங்கள் பெரிய பலம். அதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் ஒரே வாசலில் நின்றது: பெண்டாட்டி பிள்ளைக்காகக் குடியை விடு. சிகிச்சைக்குப் போனால் குடும்பத்தார் ஒருவர் உடன் வர வேண்டும் என்பது பல நிலையங்களின் வழக்கம். உளவள ஆலோசகரின் முதல் கேள்வி, கலியாணம் ஆகிவிட்டதா. சுவரொட்டியில் அழும் மனைவி, பட்டினிப் பிள்ளை, தள்ளாடும் கணவன்.

இந்த வாசலில் வந்து நிற்கும் மூன்று பேரை நினைத்துப் பார்க்கலாம். முதலாமவர் வீட்டார் கட்டாயத்தில் கலியாணம் முடித்த ஆண். எதற்காகக் குடிக்கத் தொடங்கினாய் என்று ஆலோசகர் கேட்கும்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் உடம்பு வலி என்பார், வேலைக் கஷ்டம் என்பார், உண்மையை மட்டும் சொல்லமாட்டார். இரண்டாமவர் திருநங்கை. பெரும்பாலும் ஆண்களுக்காகவே அமைந்த சிகிச்சை விடுதியில், ஆண் பெயரில், ஆண்களோடு படுக்கச் சொல்கிறார்கள். முதல் இரவே அவர் திரும்பிவிடக்கூடும்.

மூன்றாமவர் பெண்ணை நேசிக்கும் பெண், அல்லது அடையாள அட்டையில் பெண் என்றிருக்கும் திருநம்பி. குடிப்பவர் என்றே இவர்களை யாரும் எண்ணுவதில்லை. இலங்கையில் 1979இலிருந்து பெண்ணுக்கு மதுசாரம் விற்பது விதிக்கு முரண். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி அறிவித்தல் மூலம் அந்தத் தடையை நீக்கினார்; ஒரு வாரத்துக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிப் பெறச் செய்தார். விற்கக் கூடாது என்ற விதியால் குடி நின்றுவிடுவதில்லை. அது அடுப்படிக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒளித்துக் குடிப்பவர் உதவி கேட்டு வரும்போது நோய் மிகவும் முற்றியிருக்கும்.

முற்றிய குடியை வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கமும் வியர்வையும் முதலில் வரும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாட்களில் இல்லாதது கண்ணில் தெரிந்து புத்தி பேதலித்து, உயிரே போகலாம். மருத்துவர் பார்வையில், மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துத்தான் அந்த நாட்களைக் கடக்க வேண்டும். வைத்தியசாலை வாசலில் அவமானப்பட்டுத் திரும்புகிற ஒருவர் தானாகவே நிறுத்திப் பார்க்க முயலும்போது நேரும் அபாயம் இது.

நியூயோர்க்கில் ஒரு கதவு

இதே வாசல் கேள்வி உலகின் இன்னொரு மூலையில் 1945இல் எழுந்தது.

குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவி மீளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பிறந்தது. பத்து வருடங்களுக்குப் பின் நியூயோர்க்கில் அவர்களுடைய கூடத்துக்கு ஒருவர் வந்து நின்றார். கறுப்பினத்தவர். வெளிறவைத்த தலைமுடி, முகத்தில் ஒப்பனை, பெண்ணுடை, முதுகில் தம் உடைமை மொத்தமும். தாம் சிறையிலிருந்து வந்தவர், தன்பாலீர்ப்பாளர், போதைப் பழக்கமும் உள்ளவர் என்று எதையும் மறைக்காமல் சொல்லி உதவி கேட்டார். கூடத்தில் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். உள்ளே விடலாமா, விட்டால் மற்றவர்கள் ஓடிவிடுவார்களா என்று பேசிப் பேசி முடிவெடுக்க முடியாமல், இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்ட வில்சன் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: அவர் குடிநோயாளியா? ஆம் என்றார்கள். நாம் கேட்கக்கூடியது அவ்வளவுதான் என்றார் வில்சன்.

அந்தத் தொலைபேசியைப் பிடித்திருந்தவர் பாரி லீச் என்ற இளைஞர். அவரும் தன்பாலீர்ப்பாளர். நாற்பது வருடம் கழித்து, 1985இல் மொன்றியலில் நடந்த மாநாட்டில் அவரே இதைச் சொன்னார். வந்தவர் சில கூட்டங்களுக்கு வந்து பிறகு காணாமற்போனார். அவர் பெயர் வரலாற்றில் இல்லை. அவர் எழுப்பிய கேள்வி மட்டும் தங்கியது. 1950இல் இயக்கம் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் மூன்றாவது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதும் என்று வகுத்தது.

மரபு எழுதியதால் மட்டும் கதவு திறந்துவிடவில்லை. வெள்ளையரின் கூட்டங்களில் இடம் கிடைக்காத கறுப்பினத்தவர்கள் அதற்கு முன்பே, 1945இல், வாஷிங்டனில் தங்களுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். அதை நடத்தியவர் ஒரு கறுப்பின மருத்துவர். தன்பாலீர்ப்பாளர் குழுக்களை அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்க்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பால்புதுமையினருக்கென்றே தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் மினசோட்டா மாநிலத்தில் 1986இல் வந்தது. தன்னைப் போன்ற இன்னொருவர் மீண்டு நிற்பதைக் கண்ணால் பார்க்கும் இடத்தில் முழுக் கதையையும் சொல்ல முடிந்தது. சொல்ல முடிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கூட்டத்துக்கு வந்தார்கள். அந்தக் குழுக்கள் தொடர்ந்து வளர்ந்தது அதனால்தான்.

கொழும்பு தூரம்

இலங்கையில் பால்புதுமையினருக்கான முதல் அமைப்பு, ஷெர்மன் டி ரோஸ் 1995இல் தொடங்கிய கொம்பேனியன்ஸ் ஒன் எ ஜேர்னி. 2004இல் ரொசானா பிளேமர்-கல்தேரா ஈக்வல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கினார். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபம் திருநங்கைகளும் திருநம்பிகளும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று ஆவணங்களை மாற்ற வழி திறந்தது. 2022இல் யாழ்ப்பாணத் தெருவில் வானவில் கொடியோடு பெருமித நடை போனது. அதே ஆண்டில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது பெண்கள் உரிமைச் சமவாயத்தை மீறுவதாகும் என்று ஐ.நா. குழு பிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில் தீர்மானித்தது.

மலையகத்துக்கு அருகிலேயே ஒன்று நடந்தது. 2021இல் கண்டியில் பொலிஸாருக்கான பயிற்சி வகுப்பொன்றில் உளவள ஆலோசகர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்திப் பேசியது காணொளியாக வெளிவந்தது. ஈக்வல் கிரவுண்ட் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றது. அதன் தொடர்ச்சியாக, ஒருவரின் பாலீர்ப்புக்காகவோ பாலின அடையாளத்துக்காகவோ அவரைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று பொலிஸாருக்குச் சுற்றுநிருபம் போனது. ஆலோசனை சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரே இப்படிப் பேசினால், டிக்கோயாவிலோ தலவாக்கலையிலோ இருக்கும் ஒரு குடிநோயாளி எந்தத் துணிவில் தன் கதையைத் திறப்பார்?

2023 மலையகம் கொண்டாடிய ஆண்டு. 1823இலிருந்து கணக்கிட்டு இருநூறு வருடம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் விழுந்து மடிந்த பாதையில் மக்கள் நடந்தார்கள். காணி, வீடு, சம்பளம், மொழி என்று மலையகத்தார் இந்த நாட்டின் முழுக் குடிகளாக வாழும் உரிமை கேட்டார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் உயர் நீதிமன்றம், 365, 365அ பிரிவுகளைத் திருத்த நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்மானித்தது. 2024இல் நாடாளுமன்றம் கலைந்தபோது அந்தச் சட்டமூலம் நிறைவேறாமலே போனது. முழுப்பேர் கேட்ட இந்த இரண்டு முயற்சிகளும் ஒரே ஆண்டில் நடந்தன. இரண்டிலும் உரிமை உள்ளவர்கள் மலையகப் பால்புதுமையினர்.

அமைப்புகளில் பெரும்பாலானவை கொழும்பில். ஹட்டனிலிருந்து ரயிலில் ஐந்தாறு மணி நேரம். ஒரு நாள் சம்பளப் பேர் போகும். வீட்டில் ஒரு பொய் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்தால் பேச்சு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கொழும்புக் கடைகளுக்கும் கட்டுநாயக்கத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகும் தோட்டத்து இளைஞர்கள் சிலர் அங்கே முதன்முதலாகத் தம்மைப் போன்றவர்களைக் காண்கிறார்கள். ஆனால் பொங்கலுக்கும் தேர்த்திருவிழாவுக்கும் லயத்துக்குத் திரும்பும்போது பழைய கேள்விகளும் பழைய போத்தலும் காத்திருக்கின்றன.

மஞ்சக்குடியின் பாடம்

மலையகத்தாரின் முன்னோர் கிளம்பிய காவிரிப் படுகையிலேயே ஒரு வழி பிறந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த துயரத்திலிருந்து 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனைக்குக் கிராமத்தார் வர முடியாது என்று கண்டு, 1989இல் காவிரிப் படுகையிலுள்ள மஞ்சக்குடி கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனார்கள். ஊர்க் கட்டடத்தில் 15 நாள் முகாம். உடல் நடுக்கத்தைத் தணிக்க மருத்துவர், பிறகு ஆலோசனை. முகாம் முடிந்தபின் மாதாமாதம் தேடிவந்து பார்க்கும் தொடர் கவனிப்பு. நோயாளி தனக்குத் தெரிந்த மொழியில், தெரிந்த மண்ணில் மீண்டார்.

ஊருக்கு வரும் முகாமில் ஊரின் கண்ணும் கூடவே வரும். பால்புதுமையினருக்கு அதுவே தடையாகலாம். சென்னையில் 1998இல் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகள் அதனால்தான் தம் மக்களுக்கென்று தனியே கூடும் இடங்களை வைத்துக்கொண்டன. அந்த இடத்துக்கு வந்து நிம்மதியாக உட்கார்ந்தவருக்குப் பிறகு மருத்துவமனைக்குத் துணையாகப் போகத் தம்மைப் போன்ற ஒருவர் இருந்தார்.

மலையகத்தில் இவற்றுக்கான துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 2017இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண் ஹட்டனிலிருந்து அழைத்தாலும் கிடைக்கும். மாதர் சங்கங்கள் இருக்கின்றன. தோட்டத்துப் பட்டதாரிகளில் உளவளத்துணை படித்தவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இவற்றைக் கோக்கும் நூல் மிகவும் சிறியது: வைத்தியசாலைப் படிவத்திலும் ஆலோசகர் வாயிலும் ஒரு வரி மாற வேண்டும். பெஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு வா என்ற இடத்தில், உனக்கு நம்பிக்கையான யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்று இருந்தால் போதும். அந்த ஒருவர் கூட்டாளியாக இருக்கலாம், காதலராக இருக்கலாம், குடியை விட்டு இரண்டு வருடமான இன்னொரு திருநங்கையாகவும் இருக்கலாம். உடன் வந்தவர் பெயர், உறவு என்ற கட்டத்தில் அவர் தயங்காமல் எழுத முடிய வேண்டும்.

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் வரும் மாசியிலும் கம்பம் நடுவார்கள். ஏதோ ஒரு லயத்து இஸ்தோப்பில் ஒருவரை உட்காரவைத்து ரதிக்கு அரிதாரம் பூசுவார்கள். கையில் மஞ்சள் காப்பு. இரண்டு வாரம் குடியைத் தொடாமல் அவர் இருப்பார். தொடவிடாமல் ஊர் பார்த்துக்கொள்ளும். காப்பை அவிழ்த்த மறுநாள் காலை அவர் எங்கே போவார் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

(தொடரும்)

அடுத்த இதழில்: தப்பும் தவிலும் – தோட்டத்துக் கோயில்களின் கதை